மெல்லத் தூவிய மண்

சோர்லிங்
மார்ச் 2, 1993

அன்பு மகள் பல்சோமுக்கு,

அப்பா அங்ருப் தன் கையாலேயே எழுதும் கடிதம் இது. எழுத்து கோணலாக இருக்கும். சில இடங்களில் ஆட்டுக்குட்டி அளவுக்கும் சில இடங்களில் எறும்பு அளவுக்கும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படி. காலைத் தேநீர் குடித்ததும் ஆரம்பித்தேன், ஆடுகளுக்குத் தீனி போடும் நேரம் வந்துவிட்டது, இன்னும் பாதிகூட ஆகவில்லை. விரல் வலிக்கிறது. ஆனால் சிரிப்பு அடங்கவில்லை. உன் பெயரை மேலே எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டீச்சர் குளிர்காலத்தில் தொடங்கிய எழுதப் படிக்கும் வகுப்பில் கிழவர்களில் நானும் நவாங்கும்தான் மிச்சம். மற்றவர்கள் அடுப்படிக்குத் திரும்பிவிட்டார்கள். "உன் எழுத்த பாத்தா கோழி கிளறுன மாதிரி இருக்குடா"ன்னு நவாங் சொல்கிறான். அவன் எழுத்தைப் பார்த்துக் கோழியே பயப்படும்.

உன் உடம்பு எப்படி? கால் வீக்கம் இருக்கிறதா? போன முறை போல ஆகிவிடக்கூடாது என்றுதான் கணவாய் மூடும் முன்பே உன்னை அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். டாக்டர் சொன்னபடி கேள். மாப்பிள்ளை தோப்கே நலம். கூரைப் பனியைத் தள்ளுகிறான், மிச்ச நேரம் குறட்டை விடுகிறான். தபால்காரர் கால்நடையாகக் கணவாயைக் கடக்க ஆரம்பித்ததும் அவர் பின்னாலேயே வந்து பிரசவத்துக்கு உன் பக்கத்தில் இருப்பானாம்.

மேற்கு ஓடையில் போன மாதம் பனிச்சரிவு வந்து போனது. சத்தம் மட்டும்தான், சேதம் இல்லை. ஓடை காலியாகிவிட்டது, இனி இந்த வருஷம் பயமில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். இலையுதிர் காலத்தில் கீழ்த்தளத்தில் சேர்த்து வைத்த மண் உலர்ந்து மாவாக இருக்கிறது. மாதக் கடைசியில் கீழ் வயல் பனிமேல் தூவ ஆரம்பிப்போம். சீக்கிரம் கரைந்தால்தானே பட்டாணி போட முடியும்.

இதை, கணவாய் மூடியிருக்கும்போது தபால் கொண்டுபோகும் ஹெலிகாப்டர் பையில் போடுகிறேன். பதில் எழுது. யாரிடமும் கொடுக்காமல் நானே படிப்பேன்.

உன் அப்பா
அங்ருப்


குல்லு
மார்ச் 19, 1993

அப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "என் அண்ணனா எழுதுனான்? பேனாவ முழுங்காம இருந்தானே"ன்னு சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் காட்டியாகிவிட்டது. ஒரு இடத்தில் மை கொட்டியிருக்கிறது, அதையும் காட்டினார்.

நான் நன்றாக இருக்கிறேன். வீக்கம் கொஞ்சம்தான். குழந்தை உதைக்கிறது. இங்கே ஆப்ரிகாட் பூத்துவிட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி? ராத்திரி அடுப்புச் சாம்பலில் கல்லைச் சூடாக்கி ஒற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். தபால்காரர் கடக்கும் முன்பு கணவாயில் கால் வைக்க வேண்டாம். அப்புறம், கீழ் வயலில் வெயில் மேற்குச் சரிவைத் தொட்டதும் கூடையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வரவேண்டும். ஓடை ஏற்கனவே வந்து போனதென்று நீங்கள் எல்லாரும் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்குக் காதில் ஏறாது. நீங்கள் சொன்னால் கேட்பார்.

மகள்
பல்சோம்


சோர்லிங்
ஏப்ரல் 6, 1993

மகளே,

எல்லாரும் நலம் என்று இந்த முறை எழுத முடியவில்லை.

டீச்சர் எழுதித் தருவதாகச் சொன்னார். நவாங்கும் சொன்னான். வேண்டாம் என்றேன். இது நான் எழுத வேண்டியது. உட்கார்ந்துகொண்டு படி. அத்தையைப் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்.

தோப்கே போய்விட்டான்.

விடியும் முன்பே கீழ் வயலுக்குப் போனோம். பனி கல் மாதிரி இருந்தது. நான் தூவினேன், அவன் கூடை சுமந்தான். வெயில் வந்தது. வா போகலாம் என்றேன். உன் கடிதத்தில் இருந்ததையும் சொன்னேன். சிரித்தான். "அவ அங்க உக்காந்துகிட்டே மிரட்டுறா. ஓடை வந்துட்டுப் போயிடுச்சு மாமா, இப்ப தூங்குது. இன்னும் ரெண்டு கூடைதான். நீங்க போயி டீ போடுங்க, நான் வந்துடறேன்" என்றான்.

தேநீரில் வெண்ணெய் போட்டுக் கடைந்துகொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. குளிர்காலத்தில் வருவது போல இடியும் புகையுமாக இல்லை. ஈர மாவை மலை உயரத்திலிருந்து கொட்டியது போல, மெதுவாக, கனமாக. வருகிற வழியில் கல்லையும் மண்ணையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. ஓடைக்கு மேலே கிண்ணம் போலக் குழிந்த இடத்துப் பனி இறங்கவே இல்லை என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. போன மாதம் வந்தது கீழ்ப் பாதி மட்டும்.

ஊரே ஓடி வந்தது. நீளக் கம்பிகளால் குத்திக் குத்திப் பார்த்தோம். மாலைக்குள் பனி இறுகிப் பாறையாகிவிட்டது. இரண்டு வீட்டு உயரம் நிற்கிறது. மேலே இன்னும் பனி தொங்குவதால் தோண்ட வேண்டாம் என்று ஊர்க்கூட்டம் சொல்லிவிட்டது. பனி தானாகக் கரைந்து அவனைக் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

மகளே, நீ சாப்பிடு. வயிற்றில் இருப்பதற்காகச் சாப்பிடு.

அப்பா


சோர்லிங்
ஏப்ரல் 20, 1993

அன்பு மகளுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் கணவாயில் நடக்க ஆரம்பித்துவிட்டார், ஆனால் பையில் உன் கடிதம் இல்லை. கிடைத்ததா என்று மட்டுமாவது எழுது.

இங்கே நாங்கள் பனிக்குவியல்மேல் மண் தூவுகிறோம். வயலுக்குச் செய்வதுதான். மெல்லிசாக, உருளைக்கிழங்கின்மேல் உப்புப் போடுவது போல. கறுத்த இடம் வெயிலைக் குடித்துக் கீழே இறங்குகிறது. முதல் சில நாள் எல்லார் வீட்டிலிருந்தும் கூடை வந்தது. பிறகு அவரவர் வயல் இருக்கிறதே. குறை சொல்ல மாட்டேன். நம் கீழ்த்தள மண் தீர்ந்துவிட்டது. தொழுவத்துப் பின்பக்கம் சுரண்டுகிறேன்.

எழுதுவது இப்போது முன்னைவிடச் சுலபமாக வருகிறது. அதற்காகச் சந்தோஷப்பட்டுவிட்டேன் ஒரு நாள். பிறகு வெட்கமாக இருந்தது. "எழுத்து வரணும்னா இப்பிடியொரு சேதி வேணுமாடா" என்று நவாங்கிடம் கேட்டேன். அவன் என் பேனாவை வாங்கி மை ஊற்றிக் கொடுத்தான்.

ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று தலையில் வெள்ளையோடு.

அப்பா


குல்லு
ஏப்ரல் 30, 1993

அப்பாவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. நலம் என்று எழுதவேண்டும் அல்லவா. நலம். சாப்பிடுகிறேன். அத்தை ஊட்டிவிடுகிறார்.

நிறைய எழுத வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் குவியலின் மேல் எத்தனை மணிவரை நிற்கிறீர்கள்? மேலே இன்னும் பனி தொங்குகிறதென்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யார் கூட வருகிறார்கள்? நேராகப் பதில் எழுதுங்கள். ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுத வேண்டாம்.

பல்சோம்


சோர்லிங்
மே 8, 1993

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கண்டு மனம் ஆறியது. அத்தை ஊட்டுகிறார் என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். அவள் சின்ன வயதில் எனக்குத் தெரியாமல் என் பங்கையும் தின்றவள்.

நான் வீட்டில்தான் இருக்கிறேன். முழங்கால் பரவாயில்லை. காலையில் கொஞ்சம் நடக்கிறேன். பனி ஒரு ஆள் உயரம் இறங்கியிருக்கிறது. அவனுடைய கூடை கிடைத்தது. பின்னல் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்திருக்கிறேன். கூடை கிடைத்த இடத்துக்குக் கீழேதான் அவனும் இருப்பான் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

டீச்சர் இப்போது கூட்டல் சொல்லித்தருகிறார். எனக்கு அதில் மனமில்லை.

அப்பா


சோர்லிங்
மே 10, 1993

மகள் பல்சோமுக்கு நவாங் எழுதுவது. சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். எனக்கு உன் அப்பாவைவிட நன்றாக எழுத வரும், டீச்சரைக் கேள்.

உன் அப்பா உனக்கு என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. காட்டமாட்டேன் என்கிறார். அதனால் உண்மையை நான் எழுதுகிறேன். அவர் விடிந்ததும் குவியல்மேல் ஏறுகிறார், உச்சி வெயில்வரை இறங்குவதில்லை. தனியாகத்தான். எனக்கு நெஞ்சு அடைக்கிறது, அந்தச் சரிவில் என்னால் சுமக்க முடியாது. இல்லாவிட்டால் நானும் போயிருப்பேன், நம்பு.

நேற்று முன்தினம் மேலிருந்து மறுபடி வந்தது. சின்னதுதான். அவர் நின்ற இடத்துக்கு ஒரு கூரை அகலம் தள்ளி வந்து நின்றது. நான் கீழேயிருந்து கத்தினேன். "யோவ் அங்ருப், செத்துத் தொலைக்கப் போறியா? இறங்குய்யா." அவர் தொப்பியைக் கழற்றிப் பனியைத் தட்டிவிட்டு, "மண்ணெல்லாம் மூடிப்போச்சு, மறுபடி தூவணும்" என்கிறார். "உம்மக வந்து ரெண்டு பேரைத் தேடணுமா"ன்னேன். காதில் வாங்கவில்லை.

நான் சொல்லிக் கேட்கமாட்டார். நீ சொல். நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

நவாங்


குல்லு
மே 25, 1993

அப்பாவுக்கு,

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். சின்னதாக இருக்கிறாள், ஆனால் குரல் பெரிசு. இருவரும் நலம். இது பொய் இல்லை. டாக்டரும் சொன்னார்.

நவாங் மாமா எழுதிவிட்டார். அவர்மேல் கோபப்படாதீர்கள். நான் உங்கள்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன், பிறகு வலி வந்துவிட்டது.

அப்பா, நான் ஒன்று கேட்கப் போகிறேன். அவர் கிடைத்த அன்றே அவரை எரித்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். வெயில் காலத்தில் வைத்திருக்க முடியாது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நவம்பரில் வண்டி கிளம்பும்போது குளிர் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. குழந்தையையும் காட்ட வேண்டும். அத்தை கூடாது என்கிறார். லாமாவைக் கேட்டால் அவரும் கூடாது என்பார். அதனால் கேட்கவில்லை.

நீங்கள் அவசரப்படுத்தி அவரைக் கரைத்து எடுத்துவிடாதீர்கள். நான் முதல்முறை மண் தூவியபோது அள்ளி அள்ளிக் கொட்டினேன். "பல்சோம், கை கனக்குதே, நீ பனிக்குப் போர்வை போத்துற, அது ஆடி மாசம்வரைக்கும் தூங்கும்"னு திட்டினீர்கள். இப்போது அதைச் செய்யுங்கள். கூடை கிடைத்த இடத்தின்மேல் ஒரு முழம் கனத்துக்கு மண் போடுங்கள். ஊரைக் கூப்பிட்டு, விடியும் முன்னால், ஒரே தடவை. பிறகு அங்கே போகாதீர்கள். எனக்காக அவர் காத்திருக்க வேண்டும். நீங்களும் இருக்க வேண்டும்.

வண்டி ஓட ஆரம்பித்ததும் முதல் வண்டியில் வருகிறேன்.

பல்சோம்


சோர்லிங்
ஜூன் 4, 1993

அன்பு மகளுக்கும் பேத்திக்கும்,

உன் கடிதத்தை டீச்சர் வகுப்பில் எல்லாருக்கும் படித்தார். நான்தான் கொடுத்தேன். என்னால் சத்தமாகப் படிக்க முடியவில்லை. பேத்தி பிறந்த சேதி வந்த அன்று நவாங் பார்லிக் கள் ஊற்றிக் கொடுத்தான். குடித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, தோப்கேவுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றி வைத்தேன்.

நீ சொன்னபடி செய்தோம். ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்தார்கள். நட்சத்திரம் இருக்கும்போதே ஏறினோம். விதைப்புக்கு நடுவில் யாருக்கு நேரம்? ஆனாலும் வந்தார்கள். "கரைக்கிறதுக்கு மண்ணுன்னாங்க, இப்ப கரையாம இருக்கறதுக்கும் மண்ணாம். இந்தக் குடும்பத்துக்கு மண்ணு சுமந்தே என் முதுகு போச்சு" என்று பக்கத்து வீட்டு யங்கி திட்டிக்கொண்டே எல்லாரையும்விட அதிகக் கூடை சுமந்தாள். வெயில் சரிவைத் தொடும் முன்பு எல்லாரும் இறங்கிவிட்டோம். நவாங் கீழே நின்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான், எருமையை ஓட்டுவது போல.

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. ஒரு நாள்கூடப் போகவில்லை. கூரையிலிருந்து பார்க்கிறேன். சுற்றிலும் பனி இறங்குகிறது, அந்த இடம் மட்டும் மேடை போல நிற்கிறது. ஓடையில் தண்ணீர் கூடியிருக்கிறது.

கணவாயில் பகலில் ஈரப்பனி இறங்கிக்கொண்டே இருக்கிறதாம். தபால்காரரே இருட்டில்தான் கடக்கிறார். பிள்ளையைச் சுமந்துகொண்டு கால்நடையாகக் கிளம்பிவிடாதே. வண்டி ஓடட்டும். அவசரமில்லை. மேடை உறுதியாக இருக்கிறது.

பேத்திக்குப் பால் போதுகிறதா?

அப்பா


சோர்லிங்
ஜூன் 15, 1993

அன்பு மகளே,

வண்டி இன்னும் ஓடவில்லை. அதற்குள் அவன் வந்துவிட்டான்.

மேலே மண் பனியைக் காத்தது. கீழே ஓடைத் தண்ணீர் குடைந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தம் போன கடிதம் எழுதும்போதே எனக்குக் கேட்டது. எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ கிளம்பியிருப்பாய். இன்னொரு பனிக்குவியலின்மேல் நான் மண் தூவ வேண்டியிருந்திருக்கும். நீ என்னைத் திட்டலாம். அந்தச் சத்தம் மறுபடி கேட்டாலும் எழுத மாட்டேன்.

சனிக்கிழமை மேடை நடுவில் உட்கார்ந்தது. அவன் வயல் ஓரத்துக் கற்களுக்கு நடுவே கிடந்தான். தொழுவத்தின் இருட்டுப் பக்கத்தில் பனி நிரப்பி வைத்தேன். தபால்காரர் வந்தார், வண்டி பத்து நாளைக்கு ஓடாது என்றார். பனி நீராகிக்கொண்டிருந்தது. யங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணே, அவன் அவளுக்காகத்தான் இவ்வளவு நாள் இருந்தான். இனிமே அவனைக் கஷ்டப்படுத்தாதே" என்றாள். திங்கட்கிழமை ஆற்றங்கரையில் செய்துவிட்டோம். தேவதாரு நிறைய கிடைத்தது. புகை நேராகப் போனது.

நீ முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாய். அதனால் நான் பார்த்தேன். எனக்குப் பார்க்கத் துணிவில்லை, ஆனால் உனக்கு எழுத வேண்டும் என்பதற்காக விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். சரியான வார்த்தை தெரியாத இடத்தில் டீச்சரைக் கேட்டு எழுதுகிறேன். மெதுவாகப் படி.

முகத்தில் காயமில்லை. நெற்றியில் வலப்பக்கம் ஒரு கீறல், உலர்ந்த கீறல். நிறம் ஆற்றுக்கல் நனைந்தால் வருமே அந்த நிறம். கண் முழுக்க மூடவில்லை. காலையில் எழுப்பும்போது இன்னும் கொஞ்ச நேரம் என்பானே, அவ்வளவு திறந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, வலியில் திறந்தது போல இல்லை. பதில் சொல்லப் போகிறவன் போல. நீ போன பிறகு மீசை வளர்த்திருந்தான், உனக்குத் தெரியாது. மெல்லிய மீசை, ஓரத்தில் செம்பட்டை. உன்னைச் சிரிக்க வைப்பதற்காக வளர்க்கிறேன் என்றான். நன்றாகத்தான் இருந்தது. கழுத்துக் கயிற்றில் நீலக்கல் அப்படியே இருந்தது, உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். இடது காதுக்குப் பின்னால் மண் இருந்தது. நம் மண். அவன் சுமந்ததா, நான் தூவியதா என்று தெரியவில்லை. துடைத்துவிட்டேன்.

அவன் காதருகில் குனிந்து, "பொண்ணு பொறந்திருக்கா, குரல் பெரிசாம்" என்று சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளைக்குப் பனிக்காற்று படாமல் வை. அத்தையிடம் கோபித்துக்கொள்ளாதே. எனக்கு இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை. அவன் கைகளைப் பற்றி இன்னும் எழுதவில்லை. அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அப்பா